கோஷா வண்டியின் பின்கதவு

"கண்ணாடிய ஆட்டாத. வெயிலு கதவோட வயித்துல விழணும், என் மூஞ்சில இல்ல."

தபீதாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நேராக்கினாள். முகம் பார்க்கும் கண்ணாடியில் முற்றத்து வெயிலை வாங்கி, அட்டை கழற்றிய கார் கதவுக்குள் திருப்பிவிடுவது அவள் வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தோள் மரத்துப்போயிருந்தது. உட்காரலாமா என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது பதினோரு வருஷ தாம்பத்தியத்தில் மனப்பாடம்.

ஜில்லா போர்டு ஓவர்சியர் அசரியாவுக்குச் சித்தூரில் இரண்டு மரியாதைகள் இருந்தன. ஒன்று, சபையில் அவர் மூப்பர். இரண்டாவது, அவர் காரை எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரே கழற்றுவார், அவரே பூட்டுவார்.

காரும் சாதாரணக் கார் இல்லை. நொடித்துப்போன ஒரு ஜமீனிலிருந்து வந்த கோஷா வண்டி. ஜமீன் வீட்டுப் பெண்கள் முகம் தெரியாமல் போய்வரக் கட்டியது. டிரைவருக்கும் பின் ஆசனத்துக்கும் நடுவே பலகைச் சுவர். அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துவாரம், அதற்கு டிரைவர் பக்கம் மூடி. பின்னால் வலதுபக்கக் கதவு எப்போதோ கெட்டு, இரும்புப் பட்டை அடித்து நிரந்தரமாக மூடப்பட்டிருந்தது. ஆகவே பின் ஆசனத்துக்குப் போகவும் வரவும் இருந்தது ஒரே வழி, இடதுபக்கக் கதவு. அந்தக் கதவுதான் இப்போது வயிறு பிளந்து கிடந்தது.

அதைக் கெடுத்தவள் தபீதாள்தான்.

அவளுக்கு ஒரே அக்கா, கிருபாபாய். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவள். படம் பிடிக்கும் சிட்டிபாபு என்கிற இந்துவைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனபோது, சபைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுக்க வேண்டும் என்று எழுந்து நின்று வாசித்தவர் அசரியா. அன்றிலிருந்து அக்கா பெயர் அந்த வீட்டில் கூடாது. போன மாதம் பால்காரி வெங்கடலட்சுமி, "உங்க அக்கா ரத்தமா இருமிக்கினு இருக்குதாம்மா, தாளாதாம்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமே சபைக் கூட்டத்துக்காக அசரியா மனைவியோடு திருப்பதி போனார். ரயில்வே கேட்டில் கார் நின்றதும் தபீதாள் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடினாள். ஐம்பது அடிகூடப் போகவில்லை. கொண்டையைப் பிடித்து இழுத்து வந்து, உள்ளே தள்ளி, கதவை அவர் அறைந்த அறையில் ஜன்னல் கண்ணாடி கழன்று கதவுக்குள் விழுந்தது. பூட்டின் ஸ்பிரிங்கும் தெறித்தது. வீடு வந்து சேரும்வரை கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

இப்போது வியாழக்கிழமை மறுபடியும் அவருக்குத் திருப்பதியில் கூட்டம். வீட்டில் விட்டுப் போனால் இவள் பாகாலா ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். அழைத்துப் போவதானால் கதவு கெட்டியாக வேண்டும். செவ்வாயும் புதனும் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய் முழுக்க ஜன்னலுக்கே சரியாக இருந்தது. கண்ணாடியின் அடிவிளிம்பு ஒரு தகரத் தொட்டியில் செருகியிருக்கும். ரப்பர் இற்றுப்போனதால் கழன்றிருந்தது. சைக்கிள் டியூபை நறுக்கி விளிம்பில் சுற்றி, மரச் சுத்தியால் தட்டித் தட்டித் தொட்டியில் இறக்கினார். ஜமீன் காலத்துக் கண்ணாடி, ஓரமெல்லாம் பூவேலை. "இது ஒடஞ்சா லண்டன்லயும் கெடைக்காது" என்று இரண்டு தரம் சொன்னார். பல் சக்கரத்துக்கு ஆமணக்கெண்ணெய் விட்டு, கண்ணாடியை மேலே ஏற்றினார். மேல் விளிம்புக்கு இரண்டு விரல் இருக்கும்போது நிறுத்தினார்.

"முழுசா ஏத்தலியாங்க?"

"நீ மூச்சு விட வேணாமா? நான் இன்னா கொலகாரனா?"

பிறகு ஜன்னல் சுற்றும் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இனி அந்தக் கண்ணாடி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது தபீதாள் மெல்லக் கேட்டாள். "அக்காகிட்டேருந்து சேதி ஏதாவது வந்துதாங்க?"

"வந்தா சொல்ல மாட்டனா?" என்று அவர் குழம்பு ஊற்றச் சொன்னார்.

புதன்கிழமை பூட்டுக்கு வந்தார். உடைந்த ஸ்பிரிங்கைக் கையில் வைத்து உருட்டினார்.

"ஆர்மோனியத்தக் கொண்டா."

"எதுக்குங்க?"

"கொண்டான்னா கொண்டா."

அது கிருபாபாய் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஞாயிறுதோறும் சபையில் தபீதாள் வாசிப்பது. அசரியா அதைத் திண்ணையில் கவிழ்த்தார், பின்பலகையை நெம்பினார், காற்றுப்பையை உந்தும் உருக்குச் சுருளைக் குறட்டால் பிடித்து இழுத்தார். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

"நல்ல ஸ்டீலு. உங்க அக்கா உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான்."

சுருளை நிமிர்த்தினார். வேண்டிய மட்டும் வெட்டி, ஆணியில் சுற்றிப் புது ஸ்பிரிங் செய்தார். மிச்சக் கம்பி ஒன்றரைச் சாண் இருக்கும், தரையில் எறிந்தார். அவர் கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில் தபீதாள் அதை எடுத்தாள். எதற்கு என்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. அக்காவின் கம்பி, அவ்வளவுதான். ஆனால் கை தானாகக் குறடு எடுத்து, ஒரு முனையைக் கொக்கியாக வளைத்து, மடியில் செருகிக்கொண்டது.

திரும்பி வந்தவர் பூட்டை மாட்டினார். மாட்டியதும் பெருமை தாங்கவில்லை. கேட்க ஆள் வேண்டும். இருந்தது தபீதாள் ஒருத்தி.

"வெளிச்சத்த இங்க காட்டு. பாத்தியா, இதான் நாக்கு. கம்பத்துல போய் மாட்டிக்கினு நிக்கும். இந்தக் கை இருக்குதே, வெரல் நீளம், இத கீழ இழுத்தா நாக்கு உள்ள போவும், கதவு தொறக்கும். வெளிப் பிடியத் திருப்பினாலும் இதத்தான் இழுக்கும், உள் பிடியத் திருப்பினாலும் இதத்தான் இழுக்கும்." குறட்டால் அந்தக் கையை இழுத்துக் காட்டினார். டக் என்று நாக்கு உள்ளே போனது. விட்டார். டக் என்று வெளியே வந்தது. "இப்போ உள் பிடியே இல்லன்னு வெச்சிக்க. உள்ள இருக்கறவ இன்னா பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"புத்திசாலி."

உள் பிடியைக் கழற்றி அதுவும் சட்டைப்பைக்குப் போனது. அட்டையில் அது இருந்த துளையின் மேலும், ஜன்னல் கைப்பிடி இருந்த துளையின் மேலும் செருப்புத் தோலில் ஒவ்வொரு துண்டு வைத்து, சுற்றிலும் பொடி ஆணி அடித்தார். இனி அட்டையைக் கதவின்மேல் வைத்து அறைய வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முன்னால் ஜெபம்.

இது அசரியா வீட்டு வழக்கம். எந்தக் காரியமும் ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடியும். அவர் கண்ணை மூடினால் வீட்டில் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும், வாசலில் கலெக்டரே வந்து நின்றாலும், ஆமென் வரும்வரை யாரும் அசையக் கூடாது. அவர் ஜெபம் சுருக்கமாக முடிந்ததாகச் சித்தூரில் யாரும் சொன்னதில்லை.

"ஜெபிப்போம்" என்றார். எண்ணெய்க் கையைக் கூப்பினார். கண்ணை மூடினார்.

"பரலோக பிதாவே, இந்தக் கதவைச் செய்து முடிக்கக் கிருபை செய்தீரே, ஸ்தோத்திரம். என் கைக்கு ஞானம் தந்தீரே, ஸ்தோத்திரம். கீழ்ப்படியாத இந்த ஸ்திரீயை..."

தபீதாள் கண்ணை மூடவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறை. கண் மூடியிருக்கும் கணவரின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு வெளிச்சத்தில் அவள் பார்த்ததே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கண்ணாடியை ஓசைப்படாமல் இடுப்போடு சாய்த்தாள். கம்பியை உருவினாள். கதவின் வயிற்றுக்குள் கையை விட்டாள்.

"...இவளுடைய கால்களை வழிதப்பிப் போகாதபடி..."

கொக்கி ஒருமுறை நழுவித் தகரத்தில் உரசியது. கீச்சென்று சத்தம். அசரியாவின் புருவம் சுருங்கியது. அவள் உறைந்தாள். புருவம் சுருங்கியதே தவிர கண் திறக்கவில்லை. தேவனோடு பேசிக்கொண்டிருப்பவர் எப்படித் திறப்பார்?

"...வேலி அடைத்து, காவல் வைத்து..."

கொக்கி அந்த விரல் நீளக் கையில் மாட்டியது. மறுமுனையைக் கீழே தொங்கவிட்டாள். அட்டை வந்து மூடினால் அடிவிளிம்பில் அரை அங்குலம் வெளியே நிற்கும், அட்டையின் துணிக்கரையை மடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கையை வெளியே எடுத்து, முந்தானையில் எண்ணெயைத் துடைத்து, கண்ணாடியை நிமிர்த்தினாள்.

"ஆமென்" என்றார் அசரியா.

"ஆமென்" என்றாள் தபீதாள்.

அவர் அட்டையை வைத்து அறைந்தபோது, அடிக்கரையை மடித்துப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். வியாழக்கிழமை ஏழு மணிக்கு இன்னொரு ஜெபம் செய்து கிளம்பினார்கள். கத்திரி வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. அவளைப் பின்னால் ஏற்றி, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, அசரியா திருப்தியாகச் சிரித்தார். பனபாக்கத்துப் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த இட்லியைத் தின்றார். துவாரத்தின் மூடியைத் தள்ளி அவளுக்கும் இரண்டு நீட்டினார். பிறகு மரத்தடியில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் படுத்தார். தபீதாள் விரலால் துணிக்கரையைத் தடவி, கம்பி முனை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இங்கே இழுத்து என்ன பயன்? திருப்பதி இன்னும் பதினைந்து மைல்.

பதினொரு மணிக்குத் திருப்பதி. கார் நேராகக் கூட்டம் நடக்கும் பங்களாவுக்குப் போகவில்லை. ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் நுழைந்து நின்றது. துவாரத்தில் அசரியாவின் வாய் தெரிந்தது.

"அக்கா ஊட்டப் பாக்கணும் பாக்கணும்னு உசுர எடுத்தியே. அதோ, நாலாவது ஊடு, படக்கடை போர்டு. நல்லா பாத்துக்க. மீட்டிங் முடிஞ்சு வர்றேன்."

"ஏங்க, ஒரு நிமிசம். வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துடறேன். உள்ள போவ மாட்டேன்."

"கண்ணு இருக்குதில்ல? இங்கேருந்தே பாரு."

மூடி விழுந்தது. அவர் செருப்புச் சத்தம் பக்கத்துத் தெருப் பக்கம் போய்த் தேய்ந்தது.

சந்தில் ஒரு ஜீவன் இல்லை. வெயிலுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் கதவடைத்திருந்தார்கள். காரின் தகரக்கூரை கொதித்து, உள்ளே காற்று கஞ்சிப் பானையிலிருந்து வருவதுபோல் வந்தது. தபீதாள் இருநூறு எண்ணினாள். பிறகு குனிந்து, கம்பி முனையை முந்தானையால் சுற்றிப் பிடித்து, கீழே இழுத்தாள்.

டக்.

கதவு திறந்துகொண்டது. அவள் இறங்கினாள். இறங்கியவள், யார் கண்ணையும் உறுத்தக் கூடாதென்று, கம்பியை அசைத்துக் கழற்றி உருவி, கதவை மறுபடி சாத்தினாள். அப்புறம் ஓடினாள்.

நாலாவது வீட்டு வாசல் கழுவிவிட்டிருந்தது. ஈரம் இன்னும் காயாத கல்லிடுக்கில் நசுங்கிய சாமந்தி. உள்ளே தரையில், தலை துவட்டாமல், சிட்டிபாபு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தபீதாவா?" என்றார். எழுந்திருக்கவில்லை.

"மாமா. அக்கா?"

"எட்டு மணிக்கு எடுத்துட்டம்மா. நேத்து மத்தியானம் போய்ட்டா."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். மூன்று மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் போனது.

"ராத்திரியே எடுக்கணும்னாங்க. நான்தான் உடல. தந்தி குடுத்திருக்கறேன், எப்படியும் அவ தங்கச்சி வந்துடும், மூஞ்சியாவது பாக்கட்டும்னு வெச்சிக்கினு இருந்தேன்."

"இன்னா தந்தி மாமா?"

"திங்கக்கிழமை குடுத்தனே. உங்க ஊட்டுக்காரரு ஆபீசுக்கு." அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "வரலியா?"

சிட்டிபாபு ஜன்னலைக் காட்டினார். ஜன்னலோரம் வெறும் கயிற்றுக் கட்டில்.

"அங்க போடச் சொன்னா. உங்க மோட்டார் வரும்னு. தெருவுல எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் தலையத் தூக்குவா. செவ்வாக்கிழமையும் தூக்கினா. நேத்து காலைலயும் தூக்கினா. அப்புறம் முடியல."

செவ்வாய்க்கிழமை சைக்கிள் டியூப். புதன்கிழமை ஸ்பிரிங். தபீதாளின் தோளில் அந்த வலி இன்னும் இருந்தது.

"எங்க வெச்சீங்க மாமா?"

"உங்க கல்லறைத் தோட்டத்துல பேரு இல்லாதவங்களுக்கு எடம் இல்லன்னுட்டாங்க. எங்க ஆளுங்களும் ஒத்துக்கல. ஆத்துக்கு அந்தாண்ட, தனியா."

"இருங்க, மோட்டாரு வரைக்கும் போய்ட்டு வர்றேன். அக்கா இருக்கற எடத்துக்குப் போலாம்" என்று அவள் வெளியே வந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

சந்து முனையில் காரருகே அசரியா நின்றுகொண்டிருந்தார். கூட்டம் சீக்கிரம் கலைந்திருக்க வேண்டும். பின்ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். நிமிர்ந்து சந்தின் மறுகோடியைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். சாத்திய கதவு சாத்தியபடி இருக்கிறது, கண்ணாடி இரண்டு விரல் இடைவெளியில் நிற்கிறது, ஆள் மட்டும் இல்லை. வேறொருவராக இருந்தால் பெண்டாட்டி எங்கே என்று தேடி ஓடியிருப்பார். அசரியாவுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. தன் பூட்டு எங்கே தப்பியது?

வெளிப் பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். நாக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. உள்ளே ஏறி, ஆசனத்தில் மண்டியிட்டு, கதவைக் கிட்ட இழுத்துக்கொண்டு, தோல் துண்டுகளை நகத்தால் நெம்பிப் பார்த்தார். ஓர் ஆணிகூட அசையவில்லை. குனிந்து அட்டையின் ஓரத்தைத் தடவத் தொடங்கினார். முகம் கதவின் அடிவிளிம்போடு இருந்தது.

வெறுங்காலோடு வந்த தபீதாள் கதவைத் தள்ளினாள்.

டக்.

நல்ல ஸ்டீல். ஒரே தள்ளலில் நாக்கு போய் மாட்டிக்கொண்டது.

அசரியா நிமிர்ந்தார். உள்ளங்கையால் கதவைத் தள்ளினார். பிடி இருந்த இடத்தைக் கை தேடிப் போய், தோல் துண்டில் வழுக்கித் திரும்பியது. சட்டைப்பையைத் தொட்டார். பிடிகள் இரண்டும் இருந்தன. அவற்றை மாட்டும் இடம்தான் அவர் ஆணி அடித்து மூடியது. குறடு முன் ஆசனத்துக்கு அடியில், பலகைச் சுவருக்கு அப்பால்.

"தபீதா. வெளிப் பிடியத் திருப்பு."

அவள் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றாள்.

"காது கேக்கல? திருப்புடீ."

"தந்தி எங்கங்க?"

அவர் வாய் எந்தத் தந்தி என்று கேட்க வந்தது. அதற்குள் கை கோட்டின் உள்பைக்குப் போய்விட்டது. இருவருமே அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"சொன்னா நீ அழுதுக்கினு கெடப்ப. கண்ணாடி யாரு புடிக்கறது? கதவு ரெடி ஆவ வேணாமா? ரெடி ஆனதும் இட்டுக்கினு வந்தனா இல்லியா?"

அதை அவர் நியாயம் என்று நம்பித்தான் சொன்னார். அவள் கையை நீட்டினாள். அவர் காகிதத்தை நாலாக மடித்து, இரண்டு விரல் இடைவெளியில் வெளியே தள்ளினார். தபீதாள் பிரித்துப் படித்தாள். மூன்று வார்த்தைதான். தேதி திங்கள்.

"இப்போ தொற. உள்ள நெருப்பா இருக்குது."

"அக்காவ எட்டு மணிக்கு எடுத்துட்டாங்க."

"கர்த்தருடைய சித்தம்" என்றார். பிறகு, "தொற."

"கத்துங்க. நாலு பேரு வருவாங்க. இல்லன்னா கண்ணாடிய ஒடைங்க."

அவர் பூவேலைக் கண்ணாடியைப் பார்த்தார். சந்தைப் பார்த்தார். சித்தூர் சபை மூப்பர், தான் பேரை நீக்கிய பெண் செத்த தெருவில், கோஷா வண்டிக்குள் அடைபட்டு, யாரிடம் என்னவென்று சொல்லிக் கத்துவது? நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக ஒழுகியது. குரல் இறங்கியது.

"தபீதா, இங்க பாரு. யாராவது வந்துடப் போறாங்கம்மா."

பதினோரு வருஷத்தில் 'அம்மா' இதுதான் முதல்.

வந்தது சிட்டிபாபு. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு முழம் சாமந்தியோடு. காருக்குள் அசைவு தெரிந்து, நெற்றியில் கைவைத்துக் குனிந்தார்.

"யாரும்மா உள்ள?"

அந்தக் காலடிச் சத்தம் கேட்டதுமே அசரியா கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"எங்க ஊட்டுக்காரரு" என்றாள் தபீதாள். "ஜெபம் பண்றாரு."

"இந்த வெயில்லயா? கதவு ஜன்னலெல்லாம் மூடிக்கினா?"

"அவரு அப்படித்தான். அக்காவுக்காகப் பண்றாரு. ஆமென் சொல்ற வரைக்கும் யாரும் கிட்ட போவக் கூடாது, கூப்பிடக் கூடாது. எங்க வழக்கம் மாமா."

மூடிய இமைக்குள் கண்மணி புரள்வதை அவள் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு கண்ணைத் திறந்தால் போதும். அசரியா திறக்கவில்லை.

"ஆறு எவ்ளோ தூரம் மாமா?"

"போவ ஒரு மைலு. மண்ணு சுடும்மா, ஜட்கா வண்டி புடிக்கட்டுமா?"

"வேணாம். நடந்தே போலாம். மெதுவா."

சாமந்தியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கம்பி இன்னும் இன்னொரு கையில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள். சந்து திரும்பும் இடத்தில், பின்னாலிருந்து கண்ணாடியை யாரோ விரல் முட்டியால் தட்டும் சத்தம் கேட்டது. ஒருமுறை. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. உடைந்துவிடப் போகிறதே என்று, மிக மிக மெதுவாக.